‘பொதுமக்கள்’ என்றால் யார்?



ஒரு கிராமத்தில் சாதித் தகராறு நடந்தால் மறுநாள் வரும் செய்தியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘பொதுமக்களுக்கும் காலனி மக்களுக்கும் இடையே மோதல்’ என்ற பாணியில் ஒரு வரி இருக்கும். எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். அது அவருக்குப் பழகிப்போன நடை. காவல் நிலையத்தில் அப்படிச் சொன்னார்கள், வருவாய்த் துறையினர் அப்படிச் சொன்னார்கள், அவரும் அப்படியே எழுதினார். ஆனால் அந்த ஒரு வரி ஒரு தீர்ப்பையே சொல்லிவிடுகிறது. ஊரில் இருப்பவர்கள் பொதுமக்கள், காலனியில் இருப்பவர்கள் அந்தப் ‘பொது’வில் சேராத வேறு யாரோ. தகராறுக்கு யார் காரணம் என்று விசாரிப்பதற்கு முன்பே, யார் மக்கள் என்பது முடிவாகிவிட்டது.

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் எனத் திண்டுக்கல் சமவெளியில் களப்பணி செய்யும் எங்களுக்கு இந்தச் சொல் தினமும் எதிரே வருகிறது. மனுவில், பிளக்ஸ் பேனரில், தாசில்தார் அலுவலகப் பேச்சில், கல்லூரி மாணவர்கள் எழுதித் தரும் கள அறிக்கையில். அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘பீப்பிள்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற சொல். தமிழில் நாம் அதை மக்கள், சனம், ஆள், குடி என்று பலவாறாகச் சொல்கிறோம். ஒவ்வொன்றும் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்ப்போம்.

ஒரு சொல், பல வாசல்கள்

ஆங்கிலத்தில் ‘பீப்பிள்’ என்றால் நான்கு பேர் என்றும் பொருள், ஒரு நாட்டின் மக்கள் அனைவரும் என்றும் பொருள். ஆட்சி அதிகாரம் யாரிடமிருந்து பிறக்கிறதோ அவர்கள் என்றும் பொருள். ‘மை பீப்பிள்’ என்றால் என் சொந்தக்காரர்கள், என் இனத்தார். ஆக, ஒரே சொல் எல்லோரையும் குறிக்கும், என்னைச் சேர்ந்தவர்களை மட்டும் தனியே பிரித்தும் குறிக்கும்.

தமிழில் ‘மக்கள்’ இன்னும் நெருக்கமான சொல். அதற்குப் பிள்ளைகள் என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் மக்கட்பேறு என்ற அதிகாரம் பிள்ளைப்பேற்றைப் பற்றியது. ‘அவருக்கு மூணு மக்க’ என்று இன்றும் தென்மாவட்டங்களில் சொல்கிறோம். தமிழ் இலக்கணம் இந்தச் சொல்லுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறது. தொல்காப்பியம் திணையைப் பிரிக்கும்போது மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் வைத்தது. இலக்கணப்படி மக்களாகப் பிறந்த எல்லோரும் உயர்திணை. அதில் சாதிக்கு இடமில்லை.

ஆனால் பேச்சு வழக்கு இலக்கணத்தைப் பின்பற்றவில்லை. ‘அதுக வந்துச்சுக’, ‘அதுகளுக்கு என்ன தெரியும்’ என்ற பேச்சை நம் பக்கம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். குழந்தைகளைப் பாசத்தோடு ‘அதுக’ என்று சொல்வதும் உண்டு, உண்மைதான். ஆனால் அறுபது வயதுத் தாத்தாவையும் பாட்டியையும் நிலத்துக்காரர் ‘அதுக’ என்று சொல்லும்போது அதில் பாசம் இல்லை. அங்கே உயர்திணையில் இருந்தவர்கள் அஃறிணைக்குத் தள்ளப்படுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் அதே தாத்தாவைப் பேர் சொல்லி ‘வா, போ’ என்று கூப்பிடும்போதும் நடப்பது அதுதான். வினைமுற்றிலேயே தீண்டாமை உட்கார்ந்திருக்கிறது.

‘சனம்’ என்பதைப் பாருங்கள். பொதுவாக எல்லோரையும் குறிக்க வேண்டிய சொல். ஆனால் ‘எங்க சனம்’ என்று சொன்னால் அது உறவுக்காரர்களைத்தான் குறிக்கிறது. ‘சாதிசனம்’ என்று இரண்டும் ஒரே சொல்லாகவே ஒட்டிக்கொண்டுவிட்டன.

‘குடிமக்கள்’ என்ற சொல்லின் கதை இன்னும் கூர்மையானது. பாடப்புத்தகத்தில் அதற்குப் பொருள் நாட்டின் பிரஜைகள். ஆனால் நம் கிராமங்களில் பெரியவர்களிடம் கேளுங்கள். குடிமகன் என்றால் முடிதிருத்துபவர், ஊருக்குத் துணி வெளுப்பவர் என்பார்கள். ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவரின் பெயர் அது. அரசியல் சட்டம் உரிமை உள்ளவர் என்று சொல்வதற்கு எடுத்துக்கொண்ட சொல்லுக்கு, ஊரில் ஊழியக்காரர் என்ற பொருள் ஏற்கெனவே இருந்தது. ஊழியக் குடியிலிருந்து உரிமைக் குடிக்கு வருகிற தூரம் எவ்வளவு என்பதை அந்த ஒரு சொல்லிலேயே பார்க்கலாம்.

‘ஆள்’ என்ற கணக்கு

நம் பகுதியில் ஒருவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் ‘ஆள்’. ‘ஆள்’ என்ற வினைக்கு ஆட்சி செய் என்று பொருள். அதே ‘ஆள்’ பெயர்ச்சொல்லாக வந்தால் கூலிக்கு வருபவர். பண்ணையாள், வேலையாள், அடியாள், ஏவலாள். ஆள்கிறவரும் ஆளப்படுகிறவரும் ஒரே சொல்லில் இருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் என்பதைச் சாதியும் நிலமும் முடிவு செய்கின்றன.

தோட்டத்தில் பேச்சைக் கவனியுங்கள். ‘பத்து ஆள் வேலை’, ‘ஆள் வந்துச்சா?’, ‘ஆளுக எறங்கிருச்சா?’ வந்தது மனிதர்கள். வினைமுற்று மட்டும் அஃறிணை. விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் பெண்கள், வெங்காயம் அறுக்கும் பெண்கள், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள் எல்லோருமே கணக்கு நோட்டில் ஓர் எண்ணாகத்தான் இருக்கிறார்கள். அதிலும் ‘ஆம்பளயாள்’, ‘பொம்பளயாள்’ என்று இரண்டு விலை. சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் ‘பொம்பளயாள் கூலி’ என்ற சொல் இன்றும் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நடமாடுகிறது.

2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தை, அதாவது நூறு நாள் வேலையை, ஊரில் பலர் வெறுத்ததற்குக் காரணங்கள் பல. ‘ஆள் கெடைக்கல’ என்பது வெளியே சொன்ன காரணம். எங்கள் பார்வையில் இன்னொன்றும் உண்டு. அந்த அட்டையில் ‘ஆள்’ என்று இல்லை. பெயர் இருந்தது, புகைப்படம் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று இருந்தது. யாரோ ஒரு ஆளாக இருந்தவர் பெயருள்ள ஒரு மனுசியாக அரசாங்கப் பதிவேட்டில் ஏறியதைப் பலரால் தாங்க முடியவில்லை.

‘ஆள்’ என்பதற்கு மூன்றாவது பொருளும் உண்டு. திண்டுக்கல் நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய ஒவ்வொரு தலித் இளைஞருக்கும் அது தெரியும். ‘நீங்க எந்த ஆளுக, தம்பி?’ என்று மரியாதையாகவே கேட்பார்கள். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். ‘எந்த ஊரு?’ என்பார்கள், ஊரைச் சொன்னால் ‘ஊருல எந்தப் பக்கம்?’ என்பார்கள். ‘நம்ம ஆளா?’ என்பதற்கு ஆமாம் என்ற பதில் வந்தால்தான் சாவி கைக்கு வரும். மனிதர் என்று பொருள்படும் ஒரு சொல், சாதி கேட்கும் கேள்வியாக மாறிவிட்டது. மனிதரா என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் ஒன்றுதான். ‘எந்த ஆளு’ என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது.

பொது எங்கே முடிகிறது?

இப்போது ‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்கு வருவோம். அதில் உள்ள சிக்கல் ‘பொது’ என்ற முன்பாதியில் இருக்கிறது.

கோயில் திருவிழாவுக்கு ஊர் எல்லையில் பிளக்ஸ் வைப்பார்கள். கீழே ‘இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்’ என்று இருக்கும். அந்தப் பொதுமக்களில் யார் யார் உண்டு என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. தலைக்கட்டு வரி யாரிடம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பல ஊர்களில் நம்மிடம் வரி வாங்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சலுகை மாதிரித் தெரியும். வரி கொடுத்தவருக்குத்தான் திருவிழாவில் மரியாதை, தேர் வரும் தெருவில் பங்கு, ஊர்க்கூட்டத்தில் பேச்சு. வரி வாங்க மறுப்பது ‘நீ ஊரில் ஒரு தலைக்கட்டு இல்லை’ என்று சொல்வதற்கு நாகரிகமான வழி. நம் ஆட்கள் ‘எங்ககிட்டயும் வரி வாங்குங்க’ என்று கேட்டுப் போராடிய ஊர்கள் இருப்பதன் அர்த்தம் இதுதான். பணத்தைக் கொடுத்தேனும் ‘பொது’வுக்குள் நுழையப் பார்க்கிறோம்.

பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொது மயானம், பொதுக்கோயில். இந்த நான்கிலும் ‘பொது’ என்ற சொல் ஒன்றுதான். நான்கிலும் நம்மைத் தடுக்கும்போது சொல்லப்படும் நியாயமும் ஒன்றுதான்: ‘ஒங்களுக்குத்தான் தனியாக் கட்டிக் குடுத்துருக்கே.’ தமிழில் பொது என்பதற்கு எதிர்ச்சொல் தனி. தேர்தலிலும் அதே கதை. நமது மாவட்டத்தில் நிலக்கோட்டை தனித்தொகுதி, மற்றவை பொதுத்தொகுதிகள். சட்டப்படி பொதுத்தொகுதியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் கட்சிகள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கின்றன? பொதுத்தொகுதி என்றால் தலித் அல்லாதவர்களின் தொகுதி. அங்கே ஒரு தலித்துக்கு சீட் கொடுத்தால் அதுவே செய்தியாகிவிடுகிறது.

பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே முறையாகத் தேர்தலை முடிக்க முடியவில்லை. 2006இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் ‘ஊர் ஏற்கவில்லை’ என்பதே காரணம். அந்த ஊரில் வாழ்ந்த தலித்துகள் ஏற்றார்களா இல்லையா என்பது கணக்கிலேயே வரவில்லை, ஏனெனில் அவர்கள் ‘ஊர்’ இல்லை. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் ஒரு தலித் தலைவராக நுழைந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இந்தப் ‘பொது’வை உடைக்க நம் முன்னோர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டமன்றத்தில் நின்றார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். எந்த வகுப்பைச் சேர்ந்த எவரும் பொதுச்சாலையில், தெருவில் நடக்கலாம், பொது அலுவலகத்துக்குள் போகலாம், பொதுக்கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். இதில் அவர் நமக்கென்று புதிதாக எதையும் கேட்கவில்லை. ‘பொது’ என்று நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருளைக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்.

அதே காலத்தில் மகாராஷ்டிரத்திலும் இதுதான் நடந்தது. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் சவுதார் குளம் பொதுவாகிவிட்டது, கரையில் ஆகவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். குளம் பொது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்லி முடிக்க 1937 ஆயிற்று. ஒரு குளத்துக்கு முன்னால் எழுதப்பட்ட ‘பொது’ என்ற சொல்லுக்கு அதன் பொருள் கிடைக்கப் பத்து ஆண்டுப் போராட்டமும் வழக்கும் தேவைப்பட்டன.

மெம்பிஸ் தெருவில் நான்கு சொற்கள்

மனிதர் என்ற சாதாரணச் சொல்லையே போராட்ட முழக்கமாக்கியவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. அமெரிக்க அரசியல் சட்டமும் ‘மக்களாகிய நாம்’ என்றுதான் தொடங்குகிறது. 1787இல் எழுதப்பட்ட அதே ஆவணம், அடிமைகளைப் பிரதிநிதித்துவத்துக்காக எண்ணும்போது ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்னது. அடிமை என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூச்சப்பட்டு ‘மற்ற நபர்கள்’ என்று எழுதியது. நம் ஊர் ‘காலனி மக்கள்’ மாதிரிதான். சொல் நாகரிகமாக இருக்கும், கணக்கு மட்டும் குறையும்.

1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கையில் பிடித்த அட்டையில் இருந்தவை நான்கு ஆங்கிலச் சொற்கள்: ‘ஐ ஆம் எ மேன்’. நான் ஒரு மனிதன். வளர்ந்த ஆண்களை வெள்ளையர்கள் ‘பாய்’, அதாவது பையா என்று கூப்பிட்ட ஊரில் அந்த நான்கு சொற்களுக்கு இருந்த கனத்தை நம்மால் உடனே புரிந்துகொள்ள முடியும். அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு தர மெம்பிஸ் போனபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கே சில ஆண்டுகளுக்கு முன் ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசு மாற்றியது. நல்லது. ஆனால் மெம்பிஸ் தொழிலாளர்கள் வேறு பெயர் கேட்கவில்லை. கூலி, பாதுகாப்பு, சங்கம் என்ற கோரிக்கைகளோடு சேர்த்துத்தான் மனிதன் என்ற சொல்லைத் தூக்கிப் பிடித்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்த பிறகும் மலக்குழியில் இறங்கிச் சாகும் மனிதர்கள் இருக்கும்வரை, பெயர்மாற்றம் மட்டும் யாரையும் காப்பாற்றாது.

பெயரை மாற்றினால் போதுமா?

2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாக அந்தச் சொல் மாறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். நாங்கள் இதை வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திண்டுக்கல் மாதிரி எந்த நகரத்திலும் ஆசிரியர் காலனி, ஹவுசிங் போர்டு காலனி என்றெல்லாம் இருக்கும். அங்கே குடியிருப்பவருக்கு அந்தச் சொல்லில் அவமானம் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். கிராமத்தில் முன்னால் எதுவும் சேர்க்காமல் ‘காலனி’ என்று மட்டும் சொன்னால் அது நாம். யார் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதிலிருந்துதான் அவமானம் அந்தச் சொல்லுக்கு ஏறியது.

நம் வரலாறே பெயர்களின் வரலாறுதான். அயோத்திதாசப் பண்டிதர் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது இழிசொல்லாக வீசப்பட்ட ‘பறையன்’ என்ற சொல்லையே துணிந்து அதன் பெயராக வைத்தார். 1922இல் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. காந்தி ‘அரிசன்’ என்றார், அதை அம்பேத்கர் ஏற்கவில்லை. 1935 சட்டம் நம்மைப் பட்டியலில் வைத்தது. பிறகு தலித் என்று நமக்கு நாமே பெயர் வைத்துக்கொண்டோம். ஒரு பெயர் மேலிருந்து கொடுக்கப்பட்டதா, நாமே எடுத்துக்கொண்டதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆனால் எந்தப் பெயரையும் ஊர் கொஞ்ச நாளில் வசைச்சொல்லாக மாற்றிவிடும். ஏனென்றால் வசை சாதி உறவில் இருக்கிறது. நிலமும் கோயிலும் பாதையும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடம்தான் சொல்லின் விலையும் இருக்கிறது.

அதனால் சொல்லைப் பற்றிப் பேசுவது வீண் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். ‘நிலத்தைப் பற்றிப் பேசுங்கள், சொல்லை விட்டுத்தள்ளுங்கள்’ என்பது அவர்கள் வாதம். நிலம்தான் அடிப்படை என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நிலத்துக்கான மனுவையும் ஒரு சொல்லில்தான் எழுத வேண்டியிருக்கிறது. வழக்கும் ஒரு சொல்லில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது. அதற்கு நம் கையில் இருக்கும் சட்டமே சாட்சி.

சட்டத்தில் ‘பொதுமக்கள்’

அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு சமத்துவத்தை ‘எந்த நபருக்கும்’ மறுக்கக் கூடாது என்கிறது. பொதுக்கிணறு, குளம், சாலை, கடை, உணவகம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது 15(2). 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இவற்றையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள்கூட, 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உள்ள ஒரு சிறு சொற்றொடரைத் தவறவிடுகிறார்கள்.

இந்தச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் சாதியின் பேரால் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. ஆனால் இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு. ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ அது நடந்திருக்க வேண்டும். பொது இடமாகவே இருக்க வேண்டியதில்லை என்று 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. தனியார் கட்டடத்தின் வாசலாக இருந்தாலும், போகிற வருகிறவர் பார்க்கக்கூடிய, கேட்கக்கூடிய இடமானால் போதும். அதே நேரம், உறவினரும் நண்பரும் மட்டும் இருந்தால் அதைப் பொதுமக்கள் பார்வை என்று கொள்ள முடியாது என்றும் சொன்னது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது இந்தப் பிரிவுக்குள் வராது என்று தீர்ப்பானது.

இப்போது நம் கிராமத்துக்கு வாருங்கள். ஊர்த்தெருவில் வைத்து ஒரு பெண்ணைச் சாதி சொல்லித் திட்டுகிறார்கள். பார்த்த ‘பொதுமக்கள்’ யார்? திட்டியவரின் பங்காளிகள், மாமன் மச்சான். அவர்கள் சாட்சி சொல்ல மாட்டார்கள். நம் பக்கத்துச் சாட்சி வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உறவினர் என்பார். ஊர் என்பதையும் பொதுமக்கள் என்பதையும் ஒன்றாக்கி வைத்திருக்கும் பழக்கம் நீதிமன்றம் வரை போய் நம்மைத் தோற்கடிக்கிறது.

2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்சநீதிமன்றம், பள்ளன், பறையன் போன்ற சொற்களை இழிவுபடுத்தும் நோக்கில் பயன்படுத்துவது குற்றம் என்று தெளிவாகச் சொன்னது. இரட்டை டம்ளர் முறையையும் கண்டித்தது. அந்தச் சொல்லை எழுத்தில் கொண்டுவந்து, சாட்சியோடு கடைசிவரை நின்றவர்களால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. சொல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு கனம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நமக்குள் யார் ‘நாம்’?

வெளியே மட்டும் கேள்வி கேட்டால் நேர்மையாக இருக்காது. நம் மேடைகளில் ‘நம்ம மக்கள்’ என்று முழங்குகிறோம். அந்த மக்களில் அருந்ததியர் எங்கே இருக்கிறார்கள்? இந்த மாவட்டத்தில் குப்பை அள்ளுவதும் சாக்கடையில் இறங்குவதும் பெரும்பாலும் யார்? 2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த நேரத்தில் நம் வட்டாரங்களிலேயே ‘அவங்க ஆளுக’, ‘நம்ம ஆளுக’ என்ற பேச்சு எழுந்ததைக் கேட்டோம். உள் ஒதுக்கீட்டின் நுணுக்கங்களில் கருத்து வேறுபாடு இருக்கலாம், விவாதிக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் கேட்ட ‘எந்த ஆளு?’ என்ற அதே கேள்வி நம் வாயிலும் வந்தால், வீட்டுக்காரரைக் கேட்கிற உரிமை நமக்கு எப்படி மிஞ்சும்?

பெண்களும் அப்படித்தான். ‘ஆட்களைத் திரட்டு’ என்றால் ஆண்களைத் திரட்டுகிறோம். மறியலில் முன்வரிசையில் உட்காருவது பெண்கள், பேச்சுவார்த்தைக்கு உள்ளே போவது ஆண்கள்.

தமிழுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றுதான். தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை விட்டுவிட்டுப் பேசுகிறோம், ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோம். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசியல் சட்டத்தின் முகப்புரையைத் தமிழாக்கியவர்கள் ‘நாங்கள்’ என்று எழுதவில்லை. இந்திய மக்களாகிய ‘நாம்’ என்று எழுதினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் சுமார் 21.6 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த ஐந்தாவது ஆளையும் சேர்த்தால்தான் அந்த ‘நாம்’ கணக்கு சரியாக வரும்.

என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் இளம் செயல்பாட்டாளர்களுக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது சில நடைமுறை விஷயங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதும்போது ‘காலனி மக்கள்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஊர்ப் பெயரை எழுதி ‘பொதுமக்கள்’ என்றே போடுங்கள். தெருப் பெயரைத் தனியாகக் குறிப்பிடலாம். அந்தக் கூட்டத்தின் பெயரே மக்கள் குறைதீர்க்கும் நாள். நாமும் அந்த மக்கள்தான்.

ஆனால் வன்கொடுமைப் புகாரில் இந்தப் ‘பொது’ மொழி உதவாது. அங்கே சாதியைத் தெளிவாக எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சாதி, எதிரியின் சாதி, சொன்ன சொல் எழுத்து மாறாமல், நடந்த இடம், அந்த இடத்தை யாரெல்லாம் பார்க்க முடியும், யாரெல்லாம் கேட்டார்கள், அதில் உறவினர் அல்லாதவர் யார். டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர், மினிபஸ் கண்டக்டர் என்று யாராக இருந்தாலும் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்குவதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டியதும், பதிவு செய்து நகல் தர வேண்டியதும் அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி காவல் அதிகாரியின் கடமை. வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘பொதுமக்களுக்கும் காலனி மக்களுக்கும்’ என்று அதில் வந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

செய்தியாளர் நண்பர்களிடம் சண்டை போட வேண்டாம், பேசுங்கள். இரண்டு தரப்பையும் ஒரே மாதிரி எழுதுங்கள் என்று கேளுங்கள். ஒரு தரப்புக்குச் சாதி சொன்னால் மறு தரப்புக்கும் சொல்லுங்கள், ஒரு தரப்பைத் தெருப் பெயரால் குறித்தால் மறு தரப்பையும் அப்படியே குறியுங்கள் என்று கேளுங்கள். அவ்வளவுதான் நம் கோரிக்கை. பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள்.

கள அறிக்கை எழுதும் சமூகவியல், சமூகப்பணி மாணவர்களே, ‘கிராம மக்கள் கூறுகின்றனர்’ என்று எழுதும் முன் எந்தத் தெருவில் உட்கார்ந்து கேட்டீர்கள் என்று எழுதுங்கள். ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் கேட்ட பதிலைக் கிராமத்தின் பதிலாக எழுதாதீர்கள்.

இயக்கக் கூட்டங்களில் ‘நம்ம ஆளு’ என்ற பேச்சு வரும்போது, யார் யாரெல்லாம் அதில் உண்டு என்று சத்தமாகக் கேட்கப் பழகுங்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும். முதலில் அருந்ததியர் தோழரும் பெண் தோழரும் பேசட்டும், மற்றவர்கள் பிறகு பேசலாம்.

அடுத்த திருவிழாவுக்கு ஊர் எல்லையில் பிளக்ஸ் வைக்கும்போது, வரி நோட்டில் நம் தலைக்கட்டுகள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால், ‘ஊர் பொதுமக்கள்’ என்று போடுவது சரியா என்று விழாக் கமிட்டியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நகலை வட்டாட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.